கடிகாரக்காரர் பாதியில் விட்ட தண்டவாளம்

நான் அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது என்னிடம் இருந்தவை ஒரு துணிப்பெட்டியும், டைல்ஸ் பதிக்கிற சாமான்கள் நிறைந்த ஓர் இரும்புப் பெட்டியும்தான். நாற்பத்திரண்டு வயதில் புது மாப்பிள்ளை. பதிவு அலுவலகத்தில் கைரேகை வைத்த மை விரலில் இன்னும் போகவில்லை. மனைவியின் அண்ணன்தான் இரும்புப் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து மாடிப்படி ஏற்றினார். ஏறும்போதே இரண்டு தடவை இடுப்பைப் பிடித்துக்கொண்டு, உள்ளே டைல்ஸா மலையா என்று கேட்டார்.

மாடியில் இரண்டு அறைகள். முன்னறை எங்களுக்கு. பின்னறைக் கதவைத் தாண்டும்போது மச்சான் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்பிள்ளை, அந்த ரூமை மட்டும் அப்படியே விட்டுடுங்க. அது மாப்பிள்ளையோடது."

ஒரே மூச்சில் இரண்டு மாப்பிள்ளைகள். ஒருவன் நான். இன்னொருவர் என் மனைவியின் முதல் கணவர், கடிகாரம் பழுது பார்த்தவர், மூன்று வருடங்களுக்கு முன்னால் அதே அறையில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தவர். எனக்கு அந்த நிமிடமே உள்ளுக்குள் புகைய ஆரம்பித்துவிட்டது. உயிரோடு இருக்கும் ஆளென்றால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். செத்தவரின் சட்டையை எங்கே போய்ப் பிடிப்பது?

அறைக்குள் கட்டிலைவிடப் பெரிய ஒரு பிளைவுட் மேஜை. அதன்மேல் பெரியவர்கள் ஆசைக்குச் செய்கிற ரயில் பாதை. உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு இன்ஜினும் இரண்டு பெட்டிகளும் பாதையின் தொடக்கத்தில் நின்றன. முட்டை வடிவத்தில் ஒரு சுற்று வரவேண்டிய தண்டவாளம் பாதிதான் வந்திருந்தது. மீதிப் பாதிக்குப் பலகைமேல் ஒரு பென்சில் கோடு மட்டும் போய்க்கொண்டிருந்தது. போடாத துண்டுகள் பக்கத்தில் ஓர் அட்டைப் பெட்டியில் கிடந்தன. மூடிக்கிடந்த அறையில் கடிகார எண்ணெய் வாசனையும் கிராம்பு வாசனையும் இருந்தன. அவர் வாயில் எப்போதும் ஒரு கிராம்பை அதக்கிக்கொண்டே வேலை பார்ப்பாராம். இதையும் என் மனைவிதான் சொன்னாள், நான் கேட்காமலே.

என் மனைவி தையற்காரி. கீழே கூடத்தில் மிஷின். தினமும் சாயங்காலம் மிஷினை மூடிவிட்டு நேரே அந்த அறைக்குப் போவாள். மெல்லிய துணியால் தண்டவாளத்தைத் துடைப்பாள். துடைத்து முடிக்க அரைமணி நேரம். நான் சிமென்ட் முகத்தோடு வேலையிலிருந்து வந்து நின்றால், "வந்தாச்சா, சோறு மூடி வச்சிருக்கேன்" என்பாள், அவ்வளவுதான். இரும்பை அப்படித் தடவுகிற கை என்னை ஒருநாளும் அப்படித் தடவியதில்லை.

ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு கேட்டேவிட்டேன்.

"இதைப் பிரிச்சுட்டா என்ன?"

அவள் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் துணியை மடித்தாள்.

"பாதியில நிக்குதுங்க. அதான் மனசு கேக்க மாட்டேங்குது. ஒரே ஒரு தடவை ரயில் முழுசா சுத்தி வந்துட்டா, நானே கழட்டி அண்ணன்கிட்ட குடுத்துடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா. அப்புறம் இந்த ரூமும் உங்களது, நானும் உங்களவ."

அதுவரை அவள் யாருடையவள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். தரை போடுகிறவனுக்கு இது என்ன பெரிய வித்தை? முதலில் பலகையில் கார்க் பட்டையை ஒட்ட வேண்டும். அது மெத்தை மாதிரி. ரயில் ஓடும் சத்தம் பலகைக்குப் போகாமல் வாங்கிக்கொள்ளும். அதன்மேல் தண்டவாளத்தை வைத்து, குண்டூசிப் பருமனில் இருக்கும் ஆணிகளை அடிக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். அவர் போட்ட பாதியில் மயிரிழை கூடப் பிசகில்லை. அதற்கும் வயிறெரிந்தேன்.

அவருடைய பென்சில் கோட்டைத் தொடக்கூடாது என்று வைராக்கியம். அவர் வளைவு மெல்ல மெல்லத் திரும்பியது, பக்கத்தில் தூங்குகிறவளை எழுப்பாமல் புரண்டு படுப்பதைப்போல. நான் சிவப்புப் பென்சிலால் நறுக்கென்று என் வளைவைப் போட்டேன். கார்க்கை ஒட்டி, மேலே டைல்ஸ் துண்டுகளைப் பாரம் வைத்தேன். காய்ந்ததும் தண்டவாளத்தை ஒன்றோடொன்று நெருக்கி, இடைவெளியே தெரியாமல் சேர்த்து ஆணி அடித்தேன். இணைப்புத் தெரியாமல் பதிப்பதில்தான் எனக்குப் பேர். தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே இருக்கும் குட்டிக் கட்டைகளில் சுத்தியல் பள்ளம் பள்ளமாகப் பதிந்தது. பதியட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் வெயில் கொளுத்தியது. தகரக் கூரை அறை அடுப்பாகியிருந்தது. சாயங்காலம் வந்து பார்த்தால் என் தண்டவாளம் பூனை முதுகைத் தூக்குவதுபோல் மேலே வளைந்து நின்றது.

அவள் வாசலில் நின்று பார்த்தாள். சிரிப்பை அடக்கினாள்.

"இரும்பு சூட்டுல நீளுமில்ல? நடுவுல கொஞ்சம் எடம் விடணும். அவரு ஒவ்வொரு இணைப்புலயும் என்னோட தையல் நூலை வைப்பாரு. ரெண்டு முனையையும் நான் பிடிச்சுக்குவேன். அவரு ஆணியை அழுத்திட்டு 'ம்'னு சொல்லுவாரு. நான் நூலை உருவிடுவேன். நூல் பருமனுக்கு எடம் நின்னுக்கும்."

அவள் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ஒரு குழி விழுந்தது. அவளுக்குக் கன்னத்தில் குழி விழும் என்றே எனக்கு அன்றுதான் தெரியும்.

"அழுத்துவாரா? சுத்தியல் கிடையாதா?"

"சுத்தியல் தொடவே மாட்டாரு. என்னோட பித்தளை விரல்தொப்பியைத்தான் ஆள்காட்டி விரல்ல மாட்டிக்குவாரு."

விரல்தொப்பி என்றால், ஊசி குத்தாமலிருக்கத் தையற்காரர்கள் விரல் நுனியில் மாட்டுகிற, புள்ளி புள்ளியாய்க் குழி போட்ட சின்னக் குல்லா.

"எங்க அது? குடு, நானும் அப்படியே அழுத்தறேன்."

"அது இல்லைங்க. கடைசியா அதை மாட்டிக்கிட்டுதான் இங்க விழுந்து கிடந்தாரு. விரல் வீங்கிப் போச்சு, கழட்ட வரல. அதோடவே புதைச்சுட்டோம்."

தன் புது எஃகுத் தொப்பியைக் கொடுத்தாள். என் சுண்டுவிரலில்கூட ஏறவில்லை. முப்பது வருடம் சிமென்ட் தின்ற விரல்கள். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மறுபடி என் சிவப்புக் கோட்டிலேயே போட்டேன், சுத்தியலாலேயே அடித்தேன். நூல் கிடையாது, இணைப்புகளில் காகிதத் துண்டுகளைச் செருகினேன். கடைசித் தண்டவாளத் துண்டு மட்டும் மறுநாளுக்குப் பாக்கி.

அடுத்த நாள் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்ததும் கிராம்பு மணத்தது. புதிதாய்க் கடித்த கிராம்பு.

என் காகிதத் துண்டுகள் மேஜை ஓரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாய் அடுக்கியிருந்தன. கார்க் பட்டை என் சிவப்புக் கோட்டில் இல்லை. பென்சில் கோட்டின்மேல் கிடந்தது. தண்டவாளமும் அதன்மேல். நான் அடித்துப் பள்ளமாக்கிய கட்டைகளில் ஒரு பள்ளம் கூட இல்லை. ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு பச்சை நூல், இரண்டு முனையும் தொங்கிக்கொண்டிருந்தது.

கீழே இறங்கிப் போய்க் கத்தினேன்.

"நான் இல்லாதப்ப மேல போய் அவன் இஷ்டத்துக்கு மாத்தி வைக்கிறியா?"

"நான் இன்னிக்கு அந்த ரூம் பக்கமே போகலையே. ரவிக்கை எட்டு தைக்கணும்."

"அப்ப பச்சை நூல் எப்படி வந்துச்சு?"

அவள் கால் மிஷின் மிதியில் நின்றது.

"பச்சையா?"

"ஆமா."

"அந்த நூல்கண்டு தீர்ந்து மூணு வருஷம் ஆச்சுங்க" என்றாள் மெதுவாக.

பயந்தாளென்றால் தாங்கியிருப்பேன். அவள் பயப்படவில்லை. எழுந்து, கலைந்த கூந்தலை ஒதுக்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு மாடிப்படியைப் பார்த்தாள். வெளியூரிலிருந்து வந்தவரைப் பார்க்கப் போகிறவளின் முகம் அது. எனக்குக் கண்மண் தெரியவில்லை. ஓடிப்போய்க் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அவள் கீழே துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது, நான் மட்டும் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். மழை மூட்டம். ஜன்னலில் வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. பென்சில் கோட்டில் இன்னும் ஒரே ஒரு துண்டுக்குத்தான் இடம் பாக்கி. அதைப் போட்டால் சுற்று முடியும். நானே முடிக்க வேண்டும், அவர் முடிக்கக்கூடாது. மனசில் வேறொன்றும் இல்லை.

கடைசித் துண்டை எடுக்கத் திரும்பினேன். அது அட்டைப் பெட்டியில் இல்லை.

அது மேஜையில், தன் இடத்தில் இருந்தது.

கட்டையின் துளையில் ஓர் ஆணி நின்றுகொண்டிருந்தது.

யாரும் தொடவில்லை.

ஆணி மெல்ல இறங்கியது. நிதானமாக, சத்தமில்லாமல், தலை மறையும் வரை.

பிறகு அடுத்த ஆணி.

கிராம்பு வாசனை என் முகத்துக்கு நேராக வந்தது, குனிந்து வேலை செய்கிறவரின் மூச்சைப்போல.

கடைசி இணைப்பில் தொங்கிய பச்சை நூல் லேசாக ஆடியது. ஆடிவிட்டுக் காத்திருந்தது.

"ம்."

என் காதுக்குப் பக்கத்தில் இல்லை. என்னைத் தாண்டி, வாசலைப் பார்த்துச் சொன்ன சத்தம் அது.

எனக்கல்ல. அவளுக்கு.

கீழே கத்தரிக்கோல் நின்றது. படியில் அவள் கால் சத்தம். ஓடி வருகிறாள். ஒருநாளும் எனக்காக அவள் படியில் ஓடி வந்ததில்லை. பயமெல்லாம் எங்கே போனதோ, பொறாமை மட்டும் மிச்சம் இருந்தது. அவள் கதவைத் தட்டுவதற்குள் நானே அந்த நூலைப் பிடித்து வெடுக்கென்று உருவினேன்.

உருவியது என்னைத்தான் என்று அப்போது தெரியவில்லை.

ஆள்காட்டி விரல் நுனியில் ஐஸ் பட்டதுபோல் சில்லிட்டது. குளிர் தோள் வரை ஏறியது. வாசனை போய்விட்டது. அறை காலியாக இருந்தது. கை தானாக நீண்டு ரயிலின் சுவிட்சைப் போட்டது.

இன்ஜின் புறப்பட்டது. வளைவில் ஒரு குலுக்கல் இல்லை. கடைசி இணைப்பைச் சத்தமே இல்லாமல் தாண்டி, முழுசாக ஒரு சுற்று வந்து நின்றது.

கதவைத் திறந்தேன். அவள் மூச்சிரைக்க நின்றாள்.

"முடிஞ்சிடுச்சு. நீ சொன்னபடி கழட்டிடலாம்" என்றேன்.

அவள் ரயிலைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எஃகுத் தொப்பி சுண்டுவிரலில்கூட ஏறாத என் கையில், ஆள்காட்டி விரலில், ஈர மண் ஒட்டிய பித்தளை விரல்தொப்பி கச்சிதமாய்ப் பொருந்தியிருந்தது.

அவள் கன்னத்தில் அந்தக் குழி விழுந்தது.

"வந்துட்டீங்களா?" என்றாள்.

சோப்பு, எண்ணெய், கடைசியில் பட்டறையில் குறடு வரைக்கும் பார்த்துவிட்டேன். கழல வரவில்லை. மேஜையையும் அவள் கழற்றவில்லை. உள்பக்கமாக இரண்டாவது சுற்றுக்கு ஒரு பென்சில் கோடு விழுந்திருக்கிறது. சாயங்காலமானால் இந்தக் கை என்னை அங்கே கூட்டிப்போகிறது. அவள் நூலைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்காருகிறாள்.

இப்போதெல்லாம் என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள். பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரியும். ஆனால் அவள் பிடிப்பது கையை அல்ல, அந்த ஒரே ஒரு விரலை. மற்ற நான்கு விரல்களும் சும்மா கிடக்கின்றன. அவற்றை அவள் இதுவரை தொட்டதில்லை.