முக்கோணத் துண்டு

"ரிப்போர்ட்டைக் குடுங்க, வண்டி காத்துக்கிட்டு நிக்குது," என்றபடி ஆய்வகத்துக்குள் நுழைந்தாள் அந்தப் பெண். மேல்மாடி வார்டில் படுத்திருந்த தையல்காரியின் நாத்தனார் அவள். "கரு கலைஞ்சு முழுசா வெளிய வந்துடுச்சாம், வீட்டுக்குப் போகலாம்னுட்டாங்க. நாள் பூரா மெஷினை மிதிச்சா வயித்துல எது தங்கும்? இப்போ என்னடான்னா தோள் வலிக்குதுன்னு வேற நடிக்கிறா!"

உதவி டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆய்வகத்தில் அவருக்கு 'அவசரம்' என்று பெயர். அந்தப் பெயருக்கு ஒருநாளும் அவர் குறை வைத்ததில்லை. மைக்ரோஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"மேடம், இது கரு கலைஞ்சதே இல்ல. புற்றுநோய்!"

"ஐயையோ!" நாத்தனார் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பெரிய டாக்டர் மெல்ல எழுந்து வந்தார். கட்டடமே தீப்பிடித்தாலும் எந்த மாடி என்று விசாரித்துவிட்டுத்தான் செருப்பை மாட்டும் பெண்மணி. "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா? தள்ளுங்க, பார்ப்போம்."

தையல்காரிக்கு வெளியே வந்த சதையின் ஒரு துணுக்குதான் ஸ்லைடில் இருந்தது; கருப்பைச் சுவரின் உள்படலம் அது. சுரப்பிச் செல்களின் உட்கருக்கள் வீங்கி, கறுத்து, தாறுமாறாகக் கிடந்தன. புற்றுநோய் என்றால், கர்ப்பம் என்று ரத்தச் சோதனை சொன்னது ஏன்? கர்ப்பம் என்றால் செல்களுக்கு ஏன் இந்தக் கோலம்? அவசரத்துக்குத் தலை சுற்றியது.

பாட்டிலில் மீதியிருந்த சதையைத் தட்டில் ஊற்றிய தண்ணீரில் பெரிய டாக்டர் மிதக்கவிட்டார். மூன்று மூலையுள்ள சின்னப் பை போல அது விரிந்தது.

"இதுல என்ன இல்ல, சொல்லுங்க."

அவசரம் லென்ஸை வைத்துத் துழாவினார். "கருவோட வேர் இழைங்க... தண்ணில பாசி மாதிரி மிதக்குமே, அது ஒண்ணுகூட இல்ல. ஸ்லைடுலயும் பார்க்கல. முன்னாடியே விழுந்திருக்குமோ?"

"கரு இங்க ஒட்டி வளர்ந்து பிச்சுக்கிட்டு விழுந்திருந்தா, படலம் கிழிசல் இல்லாம இப்படி முழுசா வருமா?"

"கஷ்டம்தான். அப்போ கரு எங்க மேடம்? எனக்கு ஒரு எழவும் புரியல!"

"கருப்பைக்கும் அதேதான் புரியல," என்றார் அவர். "அதுக்குக் கண்ணா இருக்கு? கரு எங்க உக்காந்தாலும் அதோட ஹார்மோன் ரத்தத்துல கலந்துடும். தகவல் வந்ததும் படலம் தடிச்சுடும், சுரப்பிங்க மாடா உழைக்கும். அந்த உழைப்புலதான் செல்லுங்க இப்படிப் புற்று மாதிரி தெரியுது. ஹார்மோன் குறைஞ்சதும் படலம் மொத்தமா உரிஞ்சு, கருப்பையோட வடிவத்துலயே வெளிய வந்துடும். முழுசா இருக்கறதைப் பார்த்து வார்டுல கருன்னு நினைச்சுட்டாங்க."

"அப்போ கரு..."

"கருப்பைக்குப் போற குழாய்லயே தங்கிடுச்சு." அவர் நாத்தனாரிடம் திரும்பினார். "தோள் வலின்னு சொன்னீங்களே, எப்பலேர்ந்து?"

"காலைலேர்ந்து. ஏன் டாக்டர்?"

"வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சு மேல முட்டினா தோள்லதான் வலிக்கும். குழாய் கிழிய ஆரம்பிச்சிருக்கு. வண்டியில ஏத்தினா வீடு போய்ச் சேர மாட்டாங்க."

அவர் போனை எடுப்பதற்குள் அவசரம் படிக்கட்டில் பாதி ஏறிவிட்டார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பெயரால் ஒரு புண்ணியம் விளைந்தது. வார்டு வாசலுக்கு வந்துவிட்ட தள்ளுநாற்காலியை மறித்து, அப்படியே ஆபரேஷன் தியேட்டருக்குத் திருப்பினார். வயிற்றைத் திறந்தபோது உள்ளே ரத்தம் குளம் கட்டியிருந்தது. கிழிந்த குழாயை எடுத்தார்கள். உயிர் தப்பியது.

மறுநாள் டாக்டர்கள் இருவரும் வார்டுக்குப் போனார்கள். தையல்காரி கண் திறந்து படுத்திருந்தாள்; பக்கத்தில் நாத்தனார் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைப் பெரிய டாக்டர் சொல்லச் சொல்ல அவளுக்குக் குழப்பம்தான் கூடியது.

"அப்போ அந்த இடம் காலியாவா இருந்துச்சு டாக்டர்?"

"ஆமாம்மா. ஆனா எல்லாம் தயாரா வெச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "மெஷினை மிதிச்சுதான் இப்படி ஆச்சா? என் தப்பா?"

பெரிய டாக்டர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"உன் மேல ஒரு தப்பும் இல்லடி," என்று அவள் கையைப் பிடித்தாள். "நீ வலிக்குதுன்னு சொன்ன. நான்தான் நம்பல."