தியோலிந்தா, வீட்டுக்கு வா

எங்கள் தீவின் ஹமாகுவா கரையில் சர்க்கரை ஆலை மூடிய பிறகு, பழைய கூலிக் குடியிருப்பில் மிஞ்சியவை நாலைந்து தகரக்கூரை வீடுகளும், எல்லாருக்கும் பொதுவான ரொட்டி அடுப்பும்தான். டெல்ஃபினா அங்கே காரை நிறுத்தியபோது பிற்பகல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒன்றுவிட்ட தங்கை யூலாலியா அடுப்புக்குள் விறகைத் தள்ளிக்கொண்டே, கல்லறை கல்லறையாகச் சுற்றுகிறவளுக்கு இன்றைக்குத்தான் உயிரோடிருப்பவர்கள் ஞாபகம் வந்ததா என்று கேட்டாள். போர்த்துகீசியர் வாய் செத்தாலும் மூடாது என்று இந்தத் தீவில் எங்களைக் கேலி செய்வார்கள். யூலாலியாவைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்லியிருக்க வேண்டும்.

டெல்ஃபினா சிரிக்கவில்லை. ஹிலோ நகரத்தில் அவள் மகள் ஜோசலினுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. வரும் ஞாயிறு ஞானஸ்நானம். போன வருடம் இறந்துபோன டெல்ஃபினாவின் அம்மா தியோலிந்தாவின் பெயரைத்தான் வைப்பதாக இருந்தார்கள். பெயர் நல்ல பெயர்தான். ஆனால் அந்த அம்மா சாகும்வரை அந்திக்குப் பயந்தாள். இருட்டத் தொடங்கியதும் ஜன்னல்களைச் சாத்திவிடுவாள். கடைசி நாட்களில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ரகசியம்போலச் சொன்னாள்.

"வெளிய யாரோ என் பேரைக் கூப்பிடுறாங்கடி. ஆனா என்னைக் கூப்பிடல."

அது யார் என்று தெரியாமல் அந்தப் பெயரைப் பச்சைக் குழந்தையின் தலையில் கட்ட டெல்ஃபினாவுக்கு மனம் வரவில்லை. மதேய்ரா தீவிலிருந்து கப்பலேறி வந்து இங்கே கரும்பு வெட்டிய கரேய்ரோ குடும்பத்தில் ஒருவர் விடாமல் தேடிப் பார்த்துவிட்டாள். தேவாலயம் தேவாலயமாக விசாரித்தாயிற்று, புல் மண்டிய கற்களைக் கையால் துடைத்துப் படித்தாயிற்று. எங்கே தேடினாலும் ஒரே ஒரு தியோலிந்தாதான் கிடைத்தாள், அவளுடைய அம்மா.

யூலாலியா மாவை உருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை ரொட்டி, அது எங்கள் வழக்கம். தியோலிந்தாவைப் பெற்ற ஃபிலோமினா மட்டும் எப்போதும் ஒரு ரொட்டி கூடுதலாகச் சுடுவாளாம். கேட்டால், வழிப்போக்கனுக்கு என்பாளாம். அதைச் சொன்னதும் யூலாலியாவின் கை நின்றது. வாயும் நின்றது. அவள் வாய் நின்று டெல்ஃபினா பார்த்ததே இல்லை.

"வழிப்போக்கன் எவனும் இல்லடி. உங்கம்மாவுக்கு ஒரு அக்கா இருந்தா."

"அக்கா பேரு?"

"அதே பேருதான்."

பிள்ளை இறந்தால் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அதே பெயரை வைப்பது எங்கள் ஆட்களின் பழக்கம். பெயர் வீட்டிலேயே இருந்தால் துக்கம் பாதியாகும் என்று நம்பினார்கள். இத்தனை தேடியும் இது தனக்குத் தோன்றவில்லையே என்று டெல்ஃபினா நொந்துகொண்டாள்.

தன் அம்மாவிடம் கேட்டிருந்த மிச்சத்தை யூலாலியா மெல்லிய குரலில் சொன்னாள். ஃபிலோமினா கரும்பில் காய்ந்த தோகையை, அதாவது சோகையை, உரிக்கப் போவாள். பெரிய தியோலிந்தாவுக்கு அப்போதுதான் நடக்கப் பழகிய வயது. பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லாததால் வரப்பு நிழலில் படுக்க வைத்துவிட்டு வேலை செய்வாள். ஒரு நாள் குழந்தை எழுந்து கரும்புக்குள் போய்விட்டது. வெட்டுக்கு முன்னால் சோகையைக் கொளுத்தும் பருவம் அது. மறுமுனையில் தீ வைத்தவர்களுக்குக் குழந்தை உள்ளே இருப்பது தெரியாது. அடக்கம் செய்ய எதுவும் கிடைக்கவில்லை. கல் நடவில்லை. அடுத்த வருடம் பிறந்தவளுக்குப் பெயரைக் கொடுத்துவிட்டு, மூத்தவளைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்கள்.

ஏன் இதை முன்பே சொல்லவில்லை என்று டெல்ஃபினா கேட்டாள்.

"நீ தேடினதெல்லாம் கல்லைத்தானே. கல்லே இல்லாதவளை யாரு கேட்டா?"

டெல்ஃபினா எழுந்து குடியிருப்பின் பின்பக்கம் நடந்தாள். வெட்ட ஆளில்லாமல் கரும்பு தன்பாட்டுக்கு வளர்ந்து, சாய்ந்து, பின்னிக் கிடந்தது. மலையிலிருந்து மூடுபனி இறங்கியதில் பகல் மங்கிவிட்டது. காற்று இல்லை. ஒரு தோகைகூட அசையவில்லை.

பாகு கருகும் வாசனை வந்தது.

அடுப்பில் ரொட்டியாக இருக்கும் என்று நினைத்தாள். ரொட்டி இன்னும் அடுப்புக்குள் போகவே இல்லை.

உள்ளே எங்கோ சடசடவென்று சத்தம். சோகை எரியும் சத்தம். புகை இல்லை, வெளிச்சம் இல்லை. சத்தம் மட்டும் நெருங்கி வந்தது.

அதன் நடுவே ஒரு குழந்தைக் குரல்.

"தியோலிந்தா..."

அது யாரையும் கூப்பிடவில்லை. தொலைந்துபோன பிள்ளை, எதிர்ப்படுகிறவர்களிடம் தன் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னது. திரும்பத் திரும்பச் சொன்னது.

டெல்ஃபினாவுக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. தினமும் அந்தியில் ஃபிலோமினா சின்னவளை வாசலில் நின்று, "தியோலிந்தா, வீட்டுக்கு வா" என்று கூப்பிட்டிருப்பாள். இரண்டு பேர் காதிலும் அது விழுந்திருக்கும். இரண்டு பேரும் ஓடி வந்திருப்பார்கள். ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு அம்மா கதவைச் சாத்தியிருப்பாள்.

பயத்தைவிட அழுகைதான் பெரிதாக வந்தது. செபம் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். செபம் வரவில்லை.

"வாடி கண்ணு," என்றாள். "பெரியவளே, உன்னைத்தான் கூப்பிடுறேன். வீட்டுக்கு வா."

சடசடப்பு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு ஒதீலியா என்று பெயர் வைத்தார்கள். ஜோசலின் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் பிறகு சமாதானமானாள். அன்றிலிருந்து டெல்ஃபினா தினமும் அந்தியில் தன் வீட்டுப் பின்கதவைத் திறந்து, பெரியவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுச் சாத்துவாள். தெருவில் சிரித்தார்கள். யாரும் வந்ததாகத் தெரியவில்லை. இருந்தாலும் கூப்பிட்ட பிறகு அவள் நிம்மதியாகத் தூங்குவாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் கடும் காய்ச்சல். படுக்கையை விட்டு எழ முடியவில்லை. வெளியே இருட்டத் தொடங்கியது. இன்று ஒரு நாள் போகட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

பின்கதவின் கீழ்ப்பலகையை ஒரு சிறிய கை தட்டியது.

"இன்னைக்கு என்னைக் கூப்பிடலையே?"