ரெஜினாளின் கழுத்துக்கு இரண்டு பதில்கள்

மரபொலிமானி என்ற அந்தக் கருவி ரெஜினாளின் கழுத்தைப் பார்த்து முடிக்க நாற்பது நொடி ஆனது. தைராய்டில் இருந்த சுண்டைக்காய் அளவு கட்டிக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் அதிர்வை வைத்தே அங்குள்ள மரபணு எப்படிப் புரண்டிருக்கிறது என்று அது சொல்லிவிடும். ஊசி குத்தி, சதை எடுத்துப் பார்க்கும் வழக்கமெல்லாம் எப்போதோ ஒழிந்துபோயிற்று.

திரையில் எழுத்து வந்தது: வன்மாற்றம், தொண்ணூற்றாறு விழுக்காடு.

"புற்றுதான். சுரப்பியை முழுசா எடுத்துடணும்," என்றார் டாக்டர் செண்பகவல்லி. "பக்கத்துலயே குரல் நரம்பு போகுது. நூத்துல ரெண்டு பேருக்குக் குரல் கம்மிடும்."

ரெஜினாள் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூறுபவள். விசைப்படகு இரைச்சலையும் மீறி அவள் குரல் பனிக்கட்டிக் கூடம்வரை கேட்கும். அந்த இரண்டு பேரில் தானும் ஒருத்தியாகிவிட்டால் என்ற பயத்தில், மறுநாளே பாளையங்கோட்டைக்குப் போய் வேறொரு மருத்துவமனையில் கழுத்தைக் காட்டினாள். அதே கருவி, அதே நாற்பது நொடி. மென்மாற்றம், தொண்ணூற்றொன்று. ஒன்றும் செய்ய வேண்டாம், ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்றார்கள்.

இரண்டு தாள்களையும் செண்பகவல்லியின் மேசையில் வைத்தாள். "ஒரே கழுத்துதான டாக்டரம்மா? இதுல எத நான் நம்புறது?"

டாக்டர் தாள்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். கருவியைத் துடைத்து மறுபடி வைத்தார். மறுபடியும் தொண்ணூற்றாறு.

"அப்ப குத்தித்தான் பாருங்களேன். வலிச்சா வலிச்சிட்டுப் போவுது."

பழைய அலமாரியில் ஊசி கிடைத்தது. எடுத்த அணுக்கள் சென்னை ஆய்வகத்துக்குப் போயின. பத்து நாள் ரெஜினாள் ஏலத்தில் தடுமாறினாள். வாளை மீனைச் சீலா என்று கூவி வியாபாரிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். பதினோராம் நாள் முடிவு வந்தது. வன்மாற்றம், தொண்ணூற்றாறு.

"சரி, அறுத்துருங்க," என்றாள். அழுகை வந்தாலும், குழப்பம் தீர்ந்ததே என்று ஒரு நிம்மதி.

ஆனால் டாக்டரின் முகம் தெளியவில்லை. மரபணுவை நேராகப் படித்தால் உண்டு, இல்லை என்றல்லவா வரவேண்டும்? விழுக்காடு எங்கிருந்து வந்தது? அங்கேயே ஆய்வகத்தைத் தொலைபேசியில் அழைத்தார். பேச்சு ரெஜினாளுக்கும் கேட்டது.

"மேடம், மரபணு படிக்கிற மெஷினத் தூக்கிப் போட்டு ஏழு வருஷமாச்சு," என்றான் ஒருவன். "உங்க மரபொலிமானி சொன்ன முடிவும் கூடவே வந்துச்சுல்ல? அதத்தான் எழுதி அனுப்பினோம்."

"அப்ப நான் அனுப்பின அணு?"

"ஃப்ரிட்ஜ்ல பத்திரமா இருக்கு மேடம்."

டாக்டர் போனை வைத்தார்.

"தப்பு சரி பாக்க ஆளே இல்லன்னா, இது எப்பிடி டாக்டரம்மா படிச்சிச்சு?"

"ஆரம்பத்துல நிஜ மரபணு முடிவுகளை வச்சுப் படிச்சது. அப்புறம் நாங்கதான். ஒவ்வொரு முடிவுக்கும் கீழ ஏற்பு, மறுப்புன்னு ரெண்டு பொத்தான் இருக்கும். ஒவ்வொரு கருவியும் அதோட டாக்டர் அமுக்குறதை உண்மைன்னு எடுத்துக்கும். பாளையங்கோட்டை டாக்டர் நிதானமானவர். நான் கொஞ்சம் பயந்த சுபாவம்." அவர் கை தானாகப் புடவைத் தலைப்பை விலக்கியது. கழுத்தின் குறுக்கே மெல்லிய தழும்பு. "நாலு வருஷம் முந்தி எனக்கும் தொண்ணூத்தாறுதான் காட்டுச்சு."

ரெஜினாளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "இப்ப எனக்கு என்ன செய்யணும்?"

"தெரியலம்மா. நிஜமாவே தெரியல."

அந்தப் பதில்தான் அவளுக்கு நம்பும்படி இருந்தது. அறுவையை வேண்டாமென்று சொல்லி எழுந்தாள்.

கருவி ஒலித்தது. சென்னையிலிருந்து வந்த ரெஜினாளின் முடிவு திரையில் காத்திருந்தது, அதற்குப் பொத்தானை அமுக்காமல் கருவி அடுத்தவரைக் கூப்பிடாது. வெளியே முப்பது பேருக்கு மேல் காத்திருந்தார்கள். டாக்டர் இரண்டு பொத்தான்களையும் பார்த்தார். தெரியாது என்று சொல்ல மூன்றாவதாக ஒன்று இல்லை. ரெஜினாள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் விரல் 'ஏற்பு' மீது இறங்கியது.

பச்சை விளக்கு எரிந்தது. இருபது வயதுகூட ஆகாத ஒரு பெண் துப்பட்டாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கழுத்தை நீட்டிப் படுத்தாள்.