பையோடு போனவள்

டிரீங்...! டிரீங்...!

யோகராணி பதறிப்போய் போனைக் காதில் வைத்தாள்.

காணாமல் போன மகள் தக்‌ஷிகா இல்லை. போன் கம்பெனியின் விளம்பரக் குரல்!

"போன் பண்ணுவாம்மா, பண்ணுவா!" மேசைக்குப் பின்னால் சிரித்தார் சார்ஜன்ட் பஸ்லான். "அம்மாவோட கோவம் ஆறட்டும்னு பாத்துக்கிட்டு இருப்பா. ஒரு நாளைக்கு மாப்பிள்ளையோட வந்து கால்ல விழுவா!"

தெரணியகலை மலையெங்கும் அடைமழை. மூன்று நாளாக யோகராணி தேயிலைத் தோட்டத்திலிருந்து பொலிஸ் நிலையத்துக்கு நடக்கிறாள்.

"என் புள்ளைக்கு அப்படி யாரும் இல்லீங்க சார்..."

"எல்லா அம்மாவும் இதத்தான் சொல்றாங்க! மண்சரிவு வரும்னு ஸ்பீக்கர்ல சொன்னதும் லயத்து வீட்டுச் சனமெல்லாம் கீழ ஸ்கூலுக்குப் போச்சு. ஒங்க மக மட்டும் போகல. நீல உடுப்புப் பையும் ஐடென்டி கார்டும் காணோம். லயத்துல ஒரு பிடி மண்ணு விழல. அப்போ...?"

"அது மழைக்காலத்துக்குக் கட்டி வச்ச பைங்க! எல்லா வீட்டுலயும் கதவோரமா இருக்கும்!"

"சரி, அந்த ஆளு யாரு? பேரச் சொல்லுங்க. கொழும்புல தேடுவோம்."

"மலையில தேடுங்க சார்! பல எடத்துல சரிஞ்சு கெடக்கு..."

"அன்னிக்கு மேல கொழுந்து எடுத்தவங்க எல்லாரும் லொறியில பத்திரமா எறங்கிட்டாங்க. நீங்களும்தான். மலையில யாரைத் தேட?"

கிறீச்...!

வாசலில் நின்ற ஆட்டோவிலிருந்து குதித்தான் தோட்டத்து வாட்சர் கிருஷ்ணராஜ். உடம்பெல்லாம் சேறு.

கையில்... நீலப் பை!

"புள்ள...?" யோகராணி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் தலை கவிழ்ந்தது.

"மேல் மலைக்குப் போற குறுக்குப் பாதையிலக்கா... நீங்க கொழுந்து எடுத்த எடத்துக்குக் கொஞ்சம் கீழ. இப்பத்தான் மழையில மண்ணு கரைஞ்சு... கை தெரிஞ்சுச்சு..."

பஸ்லான் எழுந்துவிட்டார்.

"ஸ்கூல் கீழ இருக்கு! அவ எதுக்கு மேல ஏறினா?"

யோகராணி பையை வாங்கினாள். ஜிப்பை இழுத்தாள்.

தக்‌ஷிகாவின் சுடிதார் ஒன்று.

அதற்கடியில்... யோகராணியின் சேலை! அவளுடைய பிரஷர் மாத்திரை. நனையாமல், பொலித்தீனில் சுற்றி!

பஸ்லான் குனிந்து அந்தச் சேலையைப் பார்த்தார்.

யோகராணி சேலையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டு, முதல் முறையாக அவர் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள்.

"நீங்க தேடுன அந்த ஆளு... நான்தாங்க சார்!"