காது வைத்த இடம்

கழுதைப்புலி வந்தது சரிதான். வந்து உட்கார்ந்ததுதான் சரியில்லை.

பொன்னுசாமி குத்துக்காலிட்டு மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். மாசி மாதத்துப் பனி மலைப் பாறைகளின் மேல் வழிந்து, சீத்தாப்பழப் புதர்களின் கசப்பு வாடையைக் கிளப்பி, அவர் போர்த்தியிருந்த துண்டையும் நனைத்திருந்தது. தடம் தெளிவாக இருந்தது. முன்கால் பெரிது, பின்கால் சிறிது, நொண்டுகிறாற்போல் ஒரு நடை. சிங்கவரம் பாதைப் பக்கமிருந்து ஓடையைத் தாண்டி, முந்தின நாள் சாயங்காலம் மூடிய சமாதியைப் பார்த்து நேராக வந்திருக்கிறது. பத்தடி தள்ளி நின்றிருக்கிறது. அப்புறம் பின்புறத்தைத் தரையில் ஊன்றி நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறது. தோண்டவில்லை. கிட்டே வந்து முகரக்கூட இல்லை. வந்த வழியே எழுந்து போய்விட்டது.

சமாதிக்குள் இருந்தது அவர் மனைவி காத்தாயி.

பதினொரு மாதமாக அவர் தேடிக்கொண்டிருந்தது இந்த மிருகத்தைத்தான். சென்னையில் யாரோ பெரிய படிப்பு படித்த ஐயாவுக்கு, செஞ்சி மலைகளில் கழுதைப்புலி மிச்சம் இருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டுமாம். அவர் எழுதிய காகிதம் வனக்காவலர் தர்மநாதனிடம் வந்தது, தர்மநாதன் பொன்னுசாமியிடம் வந்தார். துரைமார் காலத்திலிருந்து வேட்டைக்காரர்களுக்குத் தடம் பார்த்துக் கொடுத்த ஆள் ஆயிற்றே! சிறுத்தை கல்லில் நடந்தாலும் சொல்லிவிடுவார் என்று ஊரில் ஒரு பேர். பேர் இருந்து என்ன செய்ய, கால் தேய்ந்ததுதான் மிச்சம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலையையும் சல்லடை போட்டுச் சலித்தாகிவிட்டது. தடம் கிடைத்தது, சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெளுத்த அதன் எச்சம் கிடைத்தது, மிருகம் மட்டும் கண்ணில் படவே இல்லை. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்கள். இப்போது அதுவே வந்திருக்கிறது, ஆனால் யாருக்கு வேண்டும்?

காத்தாயி படுத்த அன்றும் அவர் சந்திரகிரிக்குப் பின்னால்தான் அலைந்துகொண்டிருந்தார். காலையில் வயிற்றைப் பிசைகிறது என்றாளாம். கொஞ்ச நேரத்தில் இமை தூக்க முடியவில்லை, நாக்கு குழறிவிட்டது. ராத்திரி தரையில் படுத்தவளைக் கட்டுவிரியன் தொட்டிருக்கும் என்று யாரோ சொல்ல, உடம்பெல்லாம் தேடியும் கடிவாய் கிடைக்கவில்லை. வண்டி கட்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. இவர் வந்து சேர்ந்தபோது பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் தலைமாட்டில் விளக்கேற்றி வைத்திருந்தாள்.

அவர்கள் வகையறாவில் பிணத்தை எரிப்பதில்லை, படுக்க வைப்பதும் இல்லை. சம்மணம் போட்டு உட்கார வைத்துத்தான் சமாதி. மலையடிவாரத்தில் மண்வெட்டி இறங்காது என்பதால், பாறைக்கும் பாறைக்கும் நடுவே உள்ள பொந்துகளைத்தான் அதற்கென்று வைத்திருந்தார்கள். தரையில் திருநீறும் உப்பும் கலந்து கூடை கூடையாகக் கொட்டி, அதன் மேல் உட்கார வைத்து, வாயைப் பலகைக் கல்லால் அடைத்து, மண்ணும் கல்லும் போட்டு மூடிவிடுவார்கள். விறைத்த பிணத்துக்கு முழங்கால் மடங்காது, வெந்நீர் ஊற்றி நாலு பேர் அழுத்த வேண்டும். காத்தாயி அப்படியெல்லாம் தொல்லை கொடுக்கவில்லை. மத்தியானம் போன உசிர், சாயங்காலம்கூட வாழைநார் போல மடிந்தாள். 'புண்ணியவதி' என்று பெரியவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பொன்னுசாமிக்கும் அந்த துக்கத்திலும் மனசுக்குள் ஒரு பெருமை வரத்தான் செய்தது.

இருபத்தெட்டு வருஷம் அவளோடு வாழ்ந்ததாகப் பேர், அதில் பாதி நாள் காட்டில் கழிந்தது. அவளுக்கென்று ஒன்றும் செய்ததில்லை. இனி செய்யக்கூடியதும் ஒன்றே ஒன்றுதான். மிருகம் கலைத்த சமாதிக்குக் கதி கிடையாது என்பது அவர்கள் நம்பிக்கை. பதினாறாம் நாள் வரைக்கும் நாயோ நரியோ கழுதைப்புலியோ அவளைத் தொடாமல் காத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அன்று பகல் முழுக்க ஓடையிலிருந்து கல் சுமந்துவந்து சமாதியின் மேல் அடுக்கினார். சாயங்காலம் இடுப்பு நிமிரவில்லை.

இரண்டாம் நாள் விடியலில் தடம் இன்னும் கிட்டே வந்திருந்தது. ஐந்தடிகூட இல்லை. உட்கார்ந்த அடையாளத்துக்குப் பக்கத்தில், கல்குவியலின் ஓரமாக, இதுவரை அவர் எந்த மிருகத்திடமும் பார்த்திராத ஒரு தடம். ஒரு பக்கக் கன்னத்து மயிர் மண்ணில் உரசிய கோடுகள், மீசை இழுத்த மெல்லிய கீறல், அதற்கு மேலே அகன்ற ஒரு காதின் விளிம்பு. ஈர மண்ணில் அச்சுப் போல் பதிந்திருந்தது. ஒருமுறை இல்லை, மூன்று முறை. காதை வைத்து, எடுத்து, மறுபடி வைத்திருக்கிறது.

தர்மநாதன் பத்து மணிக்கு சைக்கிளில் வந்து சேர்ந்தார். வீடூரிலிருந்து வந்து செஞ்சியில் குடியிருக்கும் ஜைனர், ஊருக்கு அவர் நயினார், எறும்பை மிதிக்காமல் நடக்கிற மனிதர். ஆறிலும் சாவு நூறிலும் சாவு என்று இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லிவிட்டு, தடத்தைக் குனிந்து பார்த்தார்.

"உட்காந்துகினு இருந்திருக்குது நயினாரே," என்றார் பொன்னுசாமி. "இன்னாத்துக்கு உட்காரணும்? இதுக்கு முந்தி இந்தப் பக்கம் நாலு சமாதியை வச்ச அன்னிக்கே தோண்டின ஜந்து இது."

"பசி இல்லியோ இன்னாவோ."

"பசி இல்லாட்டி அது இவ்ளோ தூரம் வராது."

தர்மநாதன், மகராசி உடம்பை மிருகம்கூட மிதிக்க மனசு வரவில்லை போலிருக்கிறது என்றார். ஊரிலும் அதையேதான் பேசிக்கொள்கிறார்கள் என்றார். கேட்கக் கேட்கப் பொன்னுசாமிக்குக் கண் நிறைந்தது. அதுதான் சரி என்று தோன்றியது. இருந்தாலும் நம்பி விடக்கூடாதென்று மறுபடி ஓடைக்குப் போனார். பலகைக் கல்லின் ஓரத்தில் விரல் நுழைகிற சந்து ஒன்று இருந்தது. அதைக் களிமண் குழைத்து அடைத்துவிட்டு, மேலே இன்னும் இரண்டு வரிசை கல் ஏற்றினார்.

மூன்றாம் நாள் அவர் வீட்டுக்கே போகவில்லை. மல்லாட்டைக் கொல்லைகளில் கடலைப் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சும் இறைவைச் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. விருத்தாம்பாள் கொடுத்தனுப்பிய கூழைச் சமாதியின் மேல் சாய்ந்தபடி குடித்தார். மூன்று ராத்திரித் தூக்கம் கண்ணுக்குள் மணலாக அரித்தது. யாரும் இல்லாத தைரியத்தில் காத்தாயியிடம் வாய்விட்டுப் பேசினார். உன்னை விட்டுவிட்டு அலைந்தேனே, இனிமேல் எங்கேயும் போகமாட்டேன், இங்கேயேதான் இருப்பேன் என்றார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டொக். ரொம்ப மெல்லிசாக. கொஞ்சம் பொறுத்து மறுபடி, டொக், டொக். பொன்னுசாமி தலையைத் திருப்பினார். வெயில் ஏறினால் செஞ்சிப் பாறைகள் இப்படித்தான் முறியும். குளிர்ந்த கல் சூடாகிற சத்தம் அது. ஊரில் பிறந்த குழந்தைகூட அதற்குத் திரும்பிப் பார்க்காது. நேரம் மத்தியானம். வெயிலும் சுள்ளென்றுதான் அடித்தது. கூழ்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

தர்மநாதன் சாயங்காலம் எட்டிப் பார்த்தார். நீ விழுந்துவிடுவாய் போலிருக்கிறதே, வா, வந்து வீட்டில் படு என்று கெஞ்சினார். பொன்னுசாமி அசையவில்லை. ஜைனர் வழக்கப்படி பொழுது இறங்குவதற்குள் சாப்பிட்டாக வேண்டியவர் எத்தனை நேரம் நிற்பார்? சைக்கிள் மணி ஓடைக்கு அப்பால் தேய்ந்து மறைந்தது.

வெளிச்சம் இன்னும் இருக்கும்போதே அது வந்தது.

பதினொரு மாதம் கண்ணில் படாதது எதிரே பாறையின் மேல் நின்றது. முதுகு சரிந்து, பிடரி மயிர் சிலிர்த்து, உடம்பெல்லாம் அழுக்குக் கோடுகளோடு. பொணநாற்றம் காற்றில் மிதந்து வந்தது. மனிதன் இருக்கிறானே என்ற பயம் அதற்கு இல்லை. அவரை அது பார்க்கவே இல்லை. அவருக்குப் பின்னால் இருந்த கல்குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலையைச் சாய்த்தது. இரண்டு காதும் விறைத்து முன்னால் திரும்பின. பொன்னுசாமி கல்லெடுத்து எறிந்தார். கல் அதன் காலடியில் விழுந்து உருண்டது. அது நகரவில்லை. பின்புறத்தை ஊன்றி நிதானமாக உட்கார்ந்துகொண்டது.

அது எதையோ கேட்கிறது.

எதை?

அந்தக் கேள்வி மனசில் எழுந்தது. மேலே யோசிக்க அவருக்குத் தெம்பு இல்லை, துணிவும் இல்லை. சுள்ளி பொறுக்கித் தீ மூட்டினார். கல்குவியலில் முதுகைக் கொடுத்து, தடியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் கண்கள் தீயில் பச்சையாக மினுங்குவதைப் பார்த்தபடி இருந்தார். முதுகில் ஏதோ லேசாகத் தட்டுகிற மாதிரி இருந்தது. தன் நெஞ்சுதான் அடித்துக்கொள்கிறது என்று நினைத்தார். நினைத்தபடியே தூங்கிப்போனார்.

மண் பிராண்டும் சத்தத்தில்தான் விழிப்புத் தட்டியது. கிழக்கு வெளுத்திருந்தது. தீ அணைந்து சாம்பலாகியிருந்தது. பலகைக் கல்லின் மறு ஓரத்தில் அடிமண்ணுக்குள் தலையைக் கொடுத்து அது தோண்டிக்கொண்டிருந்தது. அடித்தொண்டையிலிருந்து ஒரு அலறல் கிளம்ப, தடியை வீசினார். அது பின்வாங்கி, நொண்டி நொண்டிப் புதருக்குள் போய் நின்றது. ஓடவில்லை.

பொன்னுசாமி மண்டியிட்டு அழுதார். இந்த ஒன்றைக்கூடச் செய்யத் துப்பில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டார். அழும்போதே கண் பழக்கத்தில் மண்ணைப் பார்த்தது.

இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் எழுந்து வந்து காதை வைத்திருக்கிறது. திரும்பப் போய் உட்கார்ந்திருக்கிறது. மறுபடி காது. மறுபடி உட்கார்ந்தது. கடைசியாக வைத்த காது ஆழமாக, நெடுநேரம் பதிந்திருந்தது. அதற்குப் பிறகுதான் முதல் நகக்கீறல்.

மூன்று நாள் தோண்டாதது.

இப்போது ஏன் தோண்டியது?

கழுதைப்புலி செத்ததைத்தான் தோண்டும். அது அவருக்குத் தெரியும். நாற்பது வருஷமாகத் தெரியும்.

"காத்தாயி," என்றார்.

கல்லைப் பிடுங்கி எறிந்தார். அவரே அடுக்கிய கல். முதல் நாள் கல். இரண்டாம் நாள் கல். நகம் பிய்ந்தது. களிமண் அடைத்த சந்து. அதையும் பிய்த்தார். பலகைக் கல்லில் தோளைக் கொடுத்துத் தள்ளினார். கல் புரண்டது. உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது.

வடக்குப் பார்த்து உட்கார வைத்தவள். இப்போது வாசலைப் பார்த்து மண்டியிட்டிருந்தாள். நெற்றி அவர் சாய்ந்து படுத்திருந்த பக்கத்துப் பாறையில் ஒட்டியிருந்தது. கூந்தல் முகத்தை மூடியிருந்தது.

அவளைத் தொட அவர் கை நீளவில்லை. கண் கீழே போனது. தடுக்கப் பார்த்தார், முடியவில்லை. வெண்ணீறு முழுக்கத் தடம். படித்தே பழகிய கண் படித்தது.

இங்கே சம்மணம் கலைந்திருக்கிறது. இங்கே குதிகால். இங்கே முழங்கால், தவழ்ந்திருக்கிறாள். மூலைவரை போயிருக்கிறாள். திரும்பியிருக்கிறாள். இங்கே கன்னத்தை வைத்துப் படுத்திருக்கிறாள். எழுந்திருக்கிறாள். உப்பு கலந்த நீறு ஈரம் இழுக்கும். பழைய தடங்கள் கசிந்து மழுங்கியிருந்தன. முதல் நாள் தடம். இரண்டாம் நாள் தடம். நேற்று மத்தியானத் தடம், கையில் ஒரு சின்னக் கல்லோடு.

கடைசியாக ஒரு உள்ளங்கை. அவர் முதுகு சாய்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே. ஐந்து விரலும் விரிந்து, ரேகையோடு பதிந்திருந்தது. விளிம்பு மழுங்கவில்லை. ஈரம் ஏறவில்லை. கத்தியால் வெட்டியதுபோல் நின்றது.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுண்டுவிரல் ஓரத்திலிருந்து ஒரு சிட்டிகை நீறு உதிர்ந்து, அந்தத் தடத்துக்குள் சரிந்தது.