மாற்று ஆள் வரும்வரை

அந்த வீட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தெருவின் ஒரு பக்கத்தில் மட்டும் விழுந்திருந்தது. அவள் தேடி வந்த வீடு நிழல் பக்கம். பழைய மாடி வீடு. ஞாயிற்றுக்கிழமை காலை, தெருவே சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது. அந்த வீட்டுச் சன்னல்கள் மட்டும் இறுகச் சாத்தியிருந்தன. மணியை அழுத்தக் கை எடுத்தாள். அதற்குள் கதவு திறந்தது.

வேலை வட்டாரத்தில் அவளுக்கு லீவு அக்கா என்று பெயர். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஹோம் நர்ஸ்களிடம் வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, ஒரு முழு நாள் விடுமுறை கட்டாயம் தர வேண்டும் என்று சட்டம் கெடுபிடியானதிலிருந்து, அந்த ஒரு நாளுக்கு மாற்று ஆளாகப் போவதுதான் அவள் பிழைப்பு. திங்களன்று ஒரு வீடு, செவ்வாயன்று வேறொரு வீடு. அவள் தலை தெரிந்தால் அங்கிருப்பவளுக்கு லீவு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலிலேயே தயாராக நிற்பவளிடம் வழக்கமாக ஒன்று சொல்லி அனுப்புவாள்: "நிம்மதியா போயிட்டு வாங்க. நாளைக்குக் காலையில வந்தா போதும்."

ஞாயிறு அவளுடைய சொந்த விடுமுறை. இந்த ஒரு வாரம் மட்டும் என்று ஏஜென்சி மேனேஜர் அம்மா கெஞ்சிக் கேட்டதால் வந்திருந்தாள்.

கதவைத் திறந்தது நோயாளியின் மகள். கடை வைத்திருப்பவள். செருப்பைப் போட்டுக்கொண்டே விவரம் சொன்னாள். அம்மாவுக்குப் பக்கவாதம், பேச்சு கிடையாது, கண் மட்டும் அசையும், சாப்பாடு மூக்குக் குழாய் வழியாக. வைத்த ஹோம் நர்ஸ் யாரும் தங்குவதில்லை, போன வாரம் வந்தவள் மதியமே ஓடிவிட்டாள். ஏன் என்று லீவு அக்கா கேட்டாள். மகள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டுப் படியிறங்கிவிட்டாள்.

நோயாளியின் அறை உட்பக்கம். டெட்டாலும் முகப்பவுடரும் கலந்த வாடை. அதற்கு அடியில், காயாத துணியின் புளித்த ஈர வாடை. கட்டிலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

பெரியம்மாவைப் பார்த்ததும் லீவு அக்காவுக்கு முதலில் வியப்புதான் வந்தது. மாதக்கணக்கில் படுத்திருக்கும் உடம்பில் ஒரு படுக்கைப்புண் இல்லை. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. நகம் ஒட்ட வெட்டியிருந்தது. ஆள் தங்காத வீட்டில் இவ்வளவு சுத்தம் எப்படி?

அப்புறம்தான் நெற்றியைக் கவனித்தாள். தோல் கன்றிச் சிவந்து, சில இடங்களில் உரிந்திருந்தது. ஓயாமல் துடைத்துத் துடைத்துத் தேய்ந்த தோல். தலையிலும் அப்படித்தான். சீவிச் சீவி வகிடு அகன்று, மண்டை தெரிந்தது. கண்கள் ரத்தம் கட்டிக் குழிக்குள் போயிருந்தன. இமைகள் கீழே இறங்கும், பாதியில் திடுக்கிட்டு மேலே போகும்.

தூங்கிப் பல நாளான கண்கள் அவை.

"தூங்குங்கம்மா, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்றாள். பெரியம்மாவின் பார்வை அவளைத் தாண்டி நாற்காலிக்குப் போனது.

இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, அழுக்குத் துணியை அலசக் குளியலறைக்குப் போனாள். குழாயைத் திறந்ததும் உள்ளே ரப்பர் செருப்பு தேயும் சத்தம் கேட்டது. சர்க், சர்க் என்று, காலைத் தூக்கி வைக்கத் தெம்பில்லாதவர் நடப்பது போல. மகள்தான் எதையோ மறந்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள் என்று நினைத்தாள்.

அறைக்கு வந்தால் அங்கே யாரும் இல்லை. பெரியம்மா வலது பக்கமாகப் படுத்திருந்தார். முதுகுக்குத் தலையணை முட்டுக் கொடுத்திருந்தது. முழங்கால்களுக்கு நடுவே சுருட்டிய துண்டு. லீவு அக்கா துண்டு வைக்கிற வழக்கம் உடையவள் அல்ல.

நெற்றியில் ஈரம் பளபளத்தது.

வாசல் கதவைப் போய்ப் பார்த்தாள். உள்தாழ்ப்பாள் அவள் போட்டபடியே இருந்தது.

திரும்பி வந்து, அறை வாசலிலேயே நின்றாள். பெரியம்மாவின் இமைகள் மெல்ல இறங்கின. மூச்சு சீரானது. தூங்கப் போகிறார்.

நாற்காலி முனகியது.

யாரோ கையூன்றி எழுந்திருக்கும் முனகல். சர்க், சர்க். தலைமாட்டில் நின்றது. பெரியம்மாவின் நெற்றிமுடி தானாக ஒதுங்கியது. உரிந்த தோலின் மேல் ஓர் ஈரக் கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாக ஓடியது. கண்கள் திறந்துகொண்டன. அந்தக் கண்களில் இருந்த கெஞ்சலை லீவு அக்கா எந்த நோயாளியிடமும் பார்த்ததில்லை.

அவள் சமையலறைக்கு ஓடி, மேனேஜர் அம்மாவுக்குப் போன் போட்டாள். இந்த வீட்டில் முன்னால் இருந்தது யார் என்று மட்டும் கேட்டாள். மறுமுனையிலிருந்து விஷயம் வந்தது. சட்டம் கெடுபிடியாவதற்கு முந்தைய கதை. பெரியம்மா நடமாட்டத்தோடு இருந்த காலத்திலேயே வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொண்டவள் ஒருத்தி இருந்தாள். பகலும் அவள்தான், இரவும் அவள்தான், வார விடுமுறை என்று ஒன்று கிடையாது. தன் மகளுக்குப் பிரசவம், ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டிருக்கிறாள். மாற்று ஆள் வரட்டும், போகலாம் என்றார் பெரியம்மா. ஆனால் மாற்று ஆள் வேண்டும் என்று ஏஜென்சிக்கு அவர் சொல்லவே இல்லை. பழகிய கை ஒரு நாள்கூடத் தன்னை விட்டுப் போவதில் அவருக்கு இஷ்டமில்லை. அவள் மகளுக்குக் குழந்தை பிறந்தது, பேர் வைத்தார்கள், அது தவழவும் தொடங்கியது. இவள் இதோ வரும் அதோ வரும் என்று மாற்று ஆளுக்காகவே காத்திருந்தாள். ஒரு காலையில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே உயிர் போயிருந்தது. கையில் ஈரத்துணி.

"கிளம்பி வந்துரு. வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டுப் போன பொண்ணுங்க எல்லாம் ஒண்ணையேதான் எழுதியிருக்காங்க, அங்க ஏற்கனவே ஒருத்தி வேலை பாக்கறான்னு" என்றார் மேனேஜர் அம்மா.

லீவு அக்கா பையை எடுத்தாள். வாசல்வரை வந்துவிட்டாள். தாழ்ப்பாளில் கை வைத்தபோது உள்ளே சர்க், சர்க் என்று கேட்டது. கட்டிலைச் சுற்றி, திரும்பவும் கட்டிலைச் சுற்றி. அந்த நடையை அவளுக்குத் தெரியும். மாற்று ஆள் வராமல் இரண்டு டூட்டி சேர்த்துப் பார்த்த நாட்களில் அவளும் அப்படித்தான் நடந்திருக்கிறாள். டூட்டியை இன்னொருத்தி வாங்கிக்கொள்ளாமல் நோயாளியை விட்டு நகரக் கூடாது. அவர்கள் தொழிலில் முதல் நாள் கற்றுக்கொடுப்பது அதைத்தான். ஓடிப்போன பெண்களில் ஒருத்தியும் செத்துப்போன இவளிடம் டூட்டியை வாங்கிக்கொள்ளவில்லையே என்று தோன்றியது.

பையைக் கீழே வைத்தாள்.

அறைக்குள் போய், நாற்காலியைப் பார்த்து நின்றாள்.

"அக்கா, மாத்து ஆள் வந்திருக்கேன். டூட்டிய என்கிட்ட குடுங்க."

நடை நின்றது.

ஈர வாடை அவள் முகத்துக்கு நேரே வந்தது. மிக அருகில் யாரோ மூச்சு வாங்கினார்கள். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். உள்ளங்கையில் சில்லென்று ஒரு துணி விழுந்தது. விரல்களை மூடினாள்.

"நான் பாத்துக்கறேன்" என்றாள்.

செருப்புச் சத்தம் நடைவழியில் தேய்ந்துகொண்டே போனது. தாழ்ப்பாள் விலகியது. நடை வாசலில் தயங்கியது. வறண்ட தொண்டையிலிருந்து, சருகு உரசுவது போல ஒரு குரல்:

"எப்ப திரும்பி வரணும்?"

எத்தனையோ பெண்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். யோசிக்கும் முன்னே பேசிவிட்டது.

"நிம்மதியா போயிட்டு வாங்க. நாளைக்குக் காலையில வந்தா போதும்."

கதவு சாத்திக்கொண்டது. அதன் பிறகுதான் தான் சொன்னது என்ன என்று அவளுக்கு உறைத்தது. ஓடிப் போய்த் திறந்து பார்த்தாள். வெயில் இப்போது தெருவின் இந்தப் பக்கத்துக்கு வந்திருந்தது. தெருவில் யாரும் இல்லை.

அன்று முழுக்கப் பெரியம்மா குழந்தை போலத் தூங்கினார். கடையிலிருந்து வந்த மகள், கட்டிலருகே நின்று அம்மாவின் குறட்டையைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை அவளிடமிருந்து போன் வந்தது. விடிந்ததும் தாழ்ப்பாள் தானாகத் திறந்ததாம். அம்மா கண்ணை மூடவில்லையாம்.

அடுத்த ஞாயிறும் லீவு அக்கா போனாள். மேனேஜர் அம்மா முடியாது என்று சொல்லிவிட்டார். அவளுக்கும் வாரத்துக்கு அதே நாற்பத்தெட்டு மணி நேரம்தான், மீறினால் ஏஜென்சி பதில் சொல்ல வேண்டும். அதனால் ஏஜென்சிக்குத் தெரியாமல் போனாள். டூட்டியை வாங்கிக்கொண்டு, வாரம் முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததைச் சொன்னாள்.

"நீங்க இனிமே வர வேண்டாம் அக்கா. ஒரேயடியா போயிருங்க."

அறை குளிர்ந்தது. பெரியம்மாவின் கண்கள் அகன்றன. காலடியில் யாரோ மண்டியிட்டு உட்காரும் சத்தம். அவள் பாதத்தின் மேல் ஈரமான விரல்கள் படிந்தன.

"வேலைய விட்டு நிறுத்திராதீங்கம்மா."

விரல்கள் விலகவே இல்லை. அவள் தன் வழக்கமான வார்த்தையைச் சொன்ன பிறகுதான் பாதம் விடுபட்டது.

அப்படியே வாரங்கள் ஓடின. திங்கள் முதல் சனி வரை மகள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவாள். தனியாக விட்டுவிட்டா போகிறீர்கள் என்று லீவு அக்கா ஒரு தடவை கேட்டாள். "பாத்துக்கறதுக்குத்தான் ஆள் இருக்கே" என்றாள் மகள், அவள் முகத்தைப் பார்க்காமல். பெரியம்மாவுக்கு வாரத்தில் ஒரு நாள் தூக்கம். செத்தவளுக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை. லீவு அக்காவுக்கு ஒரு நாளும் இல்லை.

பெயிண்டர் வேலை பார்க்கும் அவள் கணவன் முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்தான். ஊருக்கெல்லாம் லீவு விடுகிறவளுக்கு லீவு விட ஆளில்லையா என்று கிண்டலாகக் கேட்டான். நாளாக ஆகக் கிண்டல் குறைந்து கவலை வந்தது. அவள் கன்னம் ஒட்டிவிட்டது. பஸ்ஸில் நின்றபடியே தூங்கினாள். அந்த வீட்டில் நடப்பதை அவனிடம் அவள் சொல்லவே இல்லை. பார்த்துக்கொள்ள ஆளில்லாத பாட்டி, பாவம் என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளால் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. எட்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று பிதற்றினாள். கணவன் அவளை அழுத்திப் படுக்க வைத்து, மாத்திரை கொடுத்து, போனை அணைத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எப்போது தூங்கினாள் என்றே தெரியாமல் தூங்கிப்போனாள்.

விழித்தபோது சன்னலில் மதிய வெயில். காய்ச்சல் விட்டிருந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு உடம்பு லேசாக இருந்தது. கணவன் வாசற்படியில் உட்கார்ந்து பிரஷ்களை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தான்.

"யாராவது வந்தாங்களா?" என்று படுத்தபடியே கேட்டாள்.

வந்தார்கள் என்றான். காலையில் ஒரு பெண்மணி வாசலில் வந்து நின்றாராம். வாடிப்போன முகம், எந்தக் காலத்திலோ தூங்கின மாதிரி.

"இன்னைக்கு எனக்கு லீவு இல்லையான்னு கேட்டாங்க. உனக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னேன். எழுப்பட்டுமான்னு கேட்டதுக்கு, வேணாம், தூங்கட்டும்னுட்டாங்க."

அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"அப்புறம்? போயிட்டாங்களா?"

கணவன் பிரஷை உதறிவிட்டு நிமிர்ந்தான். அவளைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே, கட்டிலின் தலைமாட்டைப் பார்த்து, வீட்டுக்கு வந்தவர்களிடம் சிரிப்பது போல மரியாதையாகச் சிரித்தான்.

"எங்க போனாங்க? நீ எந்திரிக்கற வரைக்கும் இருக்கேன்னு உன் பக்கத்துலதானே உக்காந்திருக்காங்க."