பி.காம். படித்த மருந்துக்காரர்

"கம்பவுண்டர் இல்லீங்களா?"

கேட்டவனின் தலைமுடியிலிருந்து மழை சொட்டிக்கொண்டிருந்தது. சட்டைப் பைக்குள்ளிருந்து ஒரு மருந்துச் சீட்டை, நனையாத மூலையாகப் பார்த்துப் பிடித்து, மெல்ல வெளியே எடுத்தான்.

அகஸ்டினா களிம்பு குழைப்பதை நிறுத்தவில்லை.

"இருக்காங்களே…"

"எங்க?"

"உங்க எதிர்ல."

அவன் அவளைப் பார்த்தான். அவளுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தான். மறுபடியும் அவளையே பார்த்தான்…

அவளுக்கு இது பழகிப்போன ஒன்று. பிரெஞ்சுக்காரர் காலத்தில், பிரெஞ்சிலேயே மருந்தியல் படித்துத் தேறியவள். ஆண்களை இன்னும் பிரெஞ்சு வழக்கப்படி 'முசியே' என்றுதான் அழைப்பாள். புதுச்சேரியில் கொடி மாறி மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. ஆனால் பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இந்த மருந்துக் கடைக்குப் புதிதாக வருகிற யாரும் முதலில் அவளைத் தாண்டித்தான் தேடுவார்கள். அப்புறம் அசடு வழியச் சிரிப்பார்கள். இவன் சிரிக்கவில்லை.

"மன்னிச்சுக்குங்க" என்றான்.

அது புதுசாக இருந்தது. அதனால்தான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். மழையில் கழுவி எடுத்த நாவல்பழம் போல இரண்டு கண்கள்… சட்டென்று சீட்டுக்குப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள்.

"யாருக்கு மருந்து?"

"அம்மாவுக்கு. அரியாங்குப்பம். ஒரு வாரமா இருமல். டாக்டர் பழைய ஆளு, எல்லாத்தையும் பிரெஞ்சுலயே எழுதிட்டாரு. எனக்குக் கொஞ்சம்தான் புரியுது. இந்த மருந்தைக் காபியில கலந்து குடுக்கணும், அதானே?"

"காபியிலயா?"

"இதோ, போட்டிருக்காரே… காஃபேன்னு."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். முடியவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"அது காபிக் கரண்டி, முசியே! டீஸ்பூன். ஒரு டீஸ்பூன் குடுக்கச் சொல்றாரு. காபி, டீ எதுலயும் கலக்க வேணாம்."

அவன் காது மடல்வரை சிவந்தான்.

"சிரிக்காதீங்க… நானும் பார்மசிஸ்ட்டுதான்."

"நீங்களா!"

"மெட்ராஸ்ல படிச்சேன். இங்கிலீஷ்ல. இங்கிலீஷ்ல எழுதியிருந்தா நான் சரியா குடுத்திருப்பேன்."

"எந்தக் கடையில இருக்கீங்க?"

"எந்தக் கடையிலயும் இல்ல. பார்மசி முடிச்சு ஒரு மருந்துக் கம்பெனியில ரெண்டு வருஷம் இருந்தேன். அப்புறம் வேலைய விட்டுட்டு பி.காம். படிச்சேன். இப்பதான் முடிச்சேன்."

அகஸ்டினாவின் கையில் சீசா அப்படியே நின்றது. பார்மசி படித்தவர் பி.காமா? மாத்திரைக்கும் வணிகத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரு கேள்வி மனதில் விழுந்தால் பதில் கிடைக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

"எதுக்கு?"

"எது எதுக்கு?"

"பார்மசிஸ்ட்டுக்கு எதுக்கு பி.காம்.? அதனால என்ன லாபம்?"

அவன் மருந்துச் சீசாவை வாங்கிக்கொண்டான். வாசலில் நின்று மழையை ஒரு பார்வை பார்த்தான்.

"நல்ல கேள்வி. நாளைக்கு வந்து சொல்றேனே…"

குடையில்லாமல் இறங்கிப் போய்விட்டான். பேரைக்கூடக் கேட்கவில்லையே என்று அவள் நினைத்தபோது அவன் தெருமுனை திரும்பியிருந்தான். சொல்லாமல் போய்விட்டானே… என்ன திமிர்!

மறுநாள் வந்தான். பேர் லூர்துநாதன் என்றான். தொண்டை கரகரப்புக்கு மிட்டாய் மாத்திரை வாங்கினான். பதில் மட்டும் சொல்லவில்லை. அதற்கு மறுநாள் பஞ்சு வாங்கினான். அதற்கும் மறுநாள், காயமே இல்லாத விரலுக்குக் களிம்பு கேட்டான்.

"காயம் எங்க, முசியே?"

"நாளைக்குப் பட்டா?"

"நாளைக்கு வந்து வாங்கிக்குங்க."

"அதுவும் சரிதான். நாளைக்கும் வரலாமே…"

சொல்லிவிட்டு அவனே வெட்கப்பட்டு அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அகஸ்டினா தராசுத் தட்டைத் துடைத்தாள். துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தாள்.

ஒரு மாலை, மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரம். கடையில் வேறு யாரும் இல்லை. அவள் விடுவதாக இல்லை.

"இன்னிக்குச் சொல்லாம மருந்து கிடையாது. எதுக்கு பி.காம்.?"

அவன் முகத்திலிருந்த விளையாட்டு மெல்லக் கலைந்தது.

"நான் இருந்த கம்பெனிக்கு ஒரு கடையும் உண்டு, அதுல ஒரு தடவ ஜுர மருந்து தீந்துபோச்சுங்க. அந்த மருந்து எப்படி வேலை செய்யும், எவ்வளவு குடுக்கணும், எல்லாம் எனக்குத் தெரியும். வாசல்ல ஒரு அப்பா புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு நிக்கிறாரு. மருந்து ஏன் இல்ல, எப்ப வரும், யாரு வரவழைக்கணும்… இதெல்லாம் எனக்குத் தெரியல. மேனேஜரக் கேட்டா, 'அது உன் வேலை இல்ல'ன்னாரு. எது என் வேலை இல்லையோ அதப் படிச்சுட்டு வரலாம்னு போனேன்."

"படிச்சதுல அது இருந்துச்சா?"

"கொஞ்சம் இருந்துச்சு. நெறைய இல்ல" என்று சிரித்தான். "ஆனா இப்ப மேனேஜர் வேலைக்குக் கூப்புடுறாங்க. மெட்ராஸ்ல ஒரு கம்பெனி வரச் சொல்லியிருக்கு. அதுக்குதான் காத்துக்கிட்டு இருக்கேன்."

மெட்ராஸ்… அந்த ஒரு வார்த்தை அவளுக்கு ஏனோ கசந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் வேறு பேச்சுக்குத் தாவினாள்.

"நான் ஒண்ணு கவனிச்சிருக்கேன், கேக்குறீங்களா? மழை தொடங்குனதும் எல்லாரும் இருமல் மருந்துக்கு வருவாங்க. ஆத்துல செந்தண்ணி வந்ததும் உங்க ஊருக்காரங்க வருவாங்க. அரியாங்குப்பம், அந்தப் பக்கத்துக் கிராமம்… எல்லாருக்கும் வயித்துப்போக்கு. அப்ப நம்மகிட்ட சல்பா மாத்திரை இருக்காது. ஏன்னா முதலாளி இருமல் மருந்த மட்டும் வாங்கிக் குவிச்சிருப்பாரு. வருஷா வருஷம் இதே கதை. ஆத்துல தண்ணி வர்றதுக்கு முன்னாடியே சல்பாவ வாங்கி வெச்சா?"

லூர்துநாதன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் இமைக்காமல்…

"இதத்தான் எங்க வாத்தியார் ஒரு மாசம் நடத்துனாரு" என்றான். "உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரு சொல்லணும்? நான்தானே தெனமும் 'இல்ல'ன்னு சொல்லி அனுப்புறேன்."

முதலாளி கிருஷ்ணசாமி நல்ல மனிதர்தான். ஆனால் பெண் பிள்ளை சொல்வதை ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விட்டுப் பழகியவர். அகஸ்டினா சல்பா பற்றிச் சொன்னதும், பக்கத்தில் நின்றிருந்த லூர்துநாதனைத்தான் பார்த்தார்.

"இன்னா தம்பி, நீ பி.காம். படிச்சவனாமே. அப்படிச் செய்யலாமா?"

"தாராளமா செய்யலாங்க."

"நீ சொன்னா சரிதான்."

மெட்ராஸிலிருந்து சல்பா வந்து இறங்கியது. அடுத்த வாரமே வானம் பொத்துக்கொண்டது. ஆற்றில் செந்தண்ணீர் புரண்டது. மெட்ராஸ் பாதையில் தண்ணீர் ஏறி லாரிகள் நடுவழியில் நின்றன. ஊரில் வேறு எங்கும் கிடைக்காத மாத்திரை அந்த ஒரு கடையில் மட்டும் இருந்தது. முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, முழங்கால்வரை சேற்றோடு, பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஒருவரைக்கூட அகஸ்டினா வெறுங்கையோடு அனுப்பவில்லை. கை வலித்தது. மனசு பறந்தது.

வெள்ளம் வடிந்த அன்று கிருஷ்ணசாமி பூரித்துப்போயிருந்தார். கடைக்கு வந்த லூர்துநாதனின் தோளில் கை போட்டார்.

"தம்பி, உன் மூளையே மூளை! முத்தியால்பேட்டையில ஒரு மொத்த வியாபாரக் கடை போடப்போறேன். இங்கேருந்து விழுப்புரம், கடலூர் வரைக்கும் மருந்து அனுப்பணும். நீதான் மேனேஜர். மெட்ராஸ் கிட்ராஸ்லாம் வேணாம். இங்கயே இருந்துடு!"

அகஸ்டினா அவன் முகத்தைப் பார்த்தாள். சொல்லுங்கள்… இது அவள் யோசனை என்று ஒரு வார்த்தை…

அவன் அவளைப் பார்த்தான். வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

முதலாளி சிரித்தபடி உள்ளே போனார். அகஸ்டினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் அவன் வந்தபோது அவள் யாரோ ஒரு வாடிக்கைக்காரரைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"என்ன மருந்து வேணும்?"

"பேச்சு வரலைங்க… அதுக்கு ஏதாச்சும் இருக்கா?"

"நேத்தே வந்திருக்கணும். இப்ப முத்திப்போச்சு."

"அகஸ்டினா… நான்…"

"அடுத்தவங்க காத்திருக்காங்க. வழி விடுங்க."

கடையில் அடுத்தவர் யாரும் இல்லை. அவன் தலை குனிந்து வெளியேறினான். அவள் கண்ணில் நீர் கோத்தது. மேனேஜர் வேலை போனதற்கா? இல்லை… அதற்குக்கூட ஒரு பட்டம் இருந்தால் சரியாகிவிடும். தன்னைப் புரிந்துகொண்ட ஒரே ஒரு ஆள் என்று எண்ணியிருந்தாளே… அந்த ஆள்தான் வாயை மூடிக்கொண்டான்.

அப்புறம் அவன் வரவில்லை. அவள் வாசலைப் பார்ப்பதும், பார்த்ததற்காகத் தன்மேலேயே கோபப்படுவதுமாக நாட்கள் போயின.

ஒரு முற்பகல், கிருஷ்ணசாமி முணுமுணுத்துக்கொண்டே வந்து நாற்காலியில் சாய்ந்தார்.

"சுத்தப் பைத்தியக்காரப் புள்ள! வலிய வந்த வேலைய வேணாம்ட்டான்."

"யாருங்க?"

"அதாம்மா, அந்த அரியாங்குப்பத்துத் தம்பி. காலையில வந்தான். 'அந்த யோசனை என்னுது இல்ல, அகஸ்டினாவோடது. அன்னிக்கே சொல்லாம விட்டுட்டேன், தப்பு என்னுது. வேலைய அவங்களுக்குக் குடுங்க'ன்றான். ஏம்மா, நெசமாவா?"

"நெசந்தாங்க. உங்ககிட்ட முதல்ல சொன்னதே நான்தான்."

"அட…" அவர் தாடையைச் சொறிந்தார். "இருந்தாலும் மேனேஜர்னா கமர்ஸ் படிச்சிருக்கணுமேம்மா. கம்பெனிக்காரன் வருவான், பேங்குக்காரன் வருவான்…"

"கமர்ஸ் மட்டும் படிச்சவருக்குச் செந்தண்ணி வந்தா சல்பா வேணும்னு தெரியுமாங்க?"

"தெரியாது."

"அப்ப ரெண்டும் வேணும்ல? ஒண்ணு என்கிட்ட இருக்கு. இன்னொண்ண நான் படிக்கிறேன். வீட்டுலேருந்து படிச்சு எழுதலாம்னா எழுதறேன், இல்லேன்னா வேற வழி தேடுறேன். அது வரைக்கும் முத்தியால்பேட்டைய என்கிட்ட விட்டுப் பாருங்க. சரியில்லேன்னா எடுத்துருங்க."

"பாக்கலாம்மா…"

"பாக்கலாம்னு சொல்லாதீங்க. சரின்னு சொல்லுங்க."

இத்தனை வருஷத்தில் அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"சரி, போ. கோடை வரைக்கும் நீ நடத்து. படிப்ப மட்டும் விட்டுராத. ஊருல நாலு பேருக்கு நான் பதில் சொல்லணும்ல."

"அவரு… இப்ப எங்கங்க?"

"மெட்ராஸ் பஸ் ஏறப்போறேன்னான். இந்நேரம் கெளம்பியிருக்கும். கோரிமேட்டுல நிறுத்தி ஆள் ஏத்துவான், அங்க போனா…"

அவர் முடிப்பதற்குள் அவள் தெருவில் இருந்தாள்.

ரிக்‌ஷாக்காரர் மூச்சு வாங்க மிதித்தார். தூறல் மழையாகி, மழை சரம் சரமாக இறங்கியது. புடவை நனைந்து காலோடு ஒட்டியது. ஏன் போகிறேன்? திட்டவா? நன்றி சொல்லவா? எதற்கென்று தெரியாமலே ஒரு கேள்வி அவளை முன்னால் தள்ளிக்கொண்டு போனது…

கோரிமேட்டில் பஸ் நின்றிருந்தது. கீழே, புளியமரத்தடியில், அவன்.

"அகஸ்டினா! என்னங்க இது, இப்படி நனைஞ்சுக்கிட்டு…"

"வேலைய எதுக்கு வேணாம்னீங்க? எனக்கு இரக்கம் காட்டறீங்களா?"

"இரக்கமா? உங்ககிட்டயா?" அவன் தவித்தான். "உங்களுதை எடுத்துக்கிட்டு உங்க எதிர்லயே எப்படி உக்காருவேன்? முடியல."

"அப்ப அன்னிக்கு மட்டும் ஏன் வாயை மூடிக்கிட்டீங்க? எனக்கு அது தெரியணும். தெரியாம தூக்கமே வரல."

கண்டக்டர் விசில் ஊதினார். அவன் நகரவில்லை.

"அவரு 'மெட்ராஸ் வேணாம், இங்கயே இருந்துடு'ன்னாரு. அத மட்டுந்தான் கேட்டேன். தெனமும் உங்களப் பாக்கலாம், காயமே இல்லாம களிம்பு வாங்கலாம்… அந்த ஆசையில மத்த எதுவும் காதுல விழல. விழுந்தப்ப நீங்க முகத்தைத் திருப்பிட்டீங்க. ஆசையில செஞ்சாலும் அது திருட்டுதான். உங்கள எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதச் சொல்லவும் இப்ப எனக்கு யோக்கியதை இல்ல."

மழை இலைகளில் பட்டுச் சடசடத்தது. அவள் அவன் கண்களையே பார்த்தாள். இந்த முறை பார்வையைத் தாழ்த்திக்கொள்ளவில்லை.

"முத்தியால்பேட்டைக் கடைய நான்தான் நடத்தப்போறேன்" என்றாள். "பி.காமும் படிக்கப்போறேன்."

அவன் முகம் அப்படியே மலர்ந்தது. அதில் பொறாமையின் நிழல்கூட இல்லை. அதைப் பார்த்துவிட்டாள். அது போதும்…

"உங்களுக்கு அது எதுக்குங்க? எல்லாம் தெரியுமே."

"தெரிஞ்சா போதுமா? அவங்க கேக்கணும்ல. அதுக்கு. புரியலைன்னா யாரையாச்சும் கேட்டுப் படிச்சுக்கலாம்னு இருக்கேன்."

"யாரை?"

"மெட்ராஸ்லேருந்து ஞாயித்துக்கிழமை ஊருக்கு வர்ற ஒருத்தரை. மாதா கோயில் பூசை முடிஞ்சு வீட்டுக்கு வந்தா எங்க அப்பா மிக்கேல் இருப்பாரு. முதல்ல அவருகிட்ட பேசணும்."

அவன் ஓர் அடி முன்னால் வந்தான்.

"அப்படின்னா… உங்களுக்கும்…"

விசில் மறுபடியும் அலறியது. "ஏறுறியா இல்லியாய்யா?" என்று கண்டக்டர் கத்தினார். லூர்துநாதன் படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பினான்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, அகஸ்டினா! என்னைப் பிடிச்சிருக்கா?"

பஸ் நகர்ந்தது. அவள் மழையோடு மழையாகக் கூடவே நடந்தாள். நடை ஓட்டமானது.

"பிடிக்கலைன்னா," என்று உரக்கக் கத்தினாள், பஸ்ஸில் இருந்த அத்தனை தலைகளும் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க, "இந்த மழையில கோரிமேடு வரைக்கும் உங்களத் தொரத்திக்கிட்டு வருவேனா?"